ஏழாம் பக்கத்துக் கோடு

நம் வயதுக்காரர்கள் ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தால் முதலில் எழுத்து பெரிதாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நான் ஓரத்தைப் பார்ப்பேன். மேலே எவ்வளவு விட்டிருக்கிறார்கள், கீழே எவ்வளவு, உள்பக்கத் தையலுக்குள் எழுத்து போய் மாட்டிக்கொண்டு முழிக்கிறதா என்றெல்லாம் பார்த்த பிறகுதான் எழுதியவர் பெயருக்கே வருவேன். "பொண்ணு பாக்கப் போன மாதிரில புத்தகத்தைப் பாக்குறீக அத்த" என்று என் மருமகள் கேலி செய்வாள். செய்துவிட்டுப் போகட்டும். இந்தப் பழக்கம் எனக்கு எங்கிருந்து தொற்றியது என்று உங்களுக்குச் சொன்னால் உங்களுக்காவது புரியும். கூடப் படித்த உங்களில் பாதிப் பேர் நம் பள்ளிக்கூடத்து அந்த ஆண்டு மலரைக் கையில் வாங்கியவர்கள்தான். மறந்து போயிருந்தால் அதுவும் குற்றமில்லை.

நாம் தேனியில் ஒன்பதாம் வகுப்பு படித்த வருஷம் அது. எழுபதுகளின் நடுப்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை நம் பள்ளிக்கூடத்து ஆண்டு மலர் மதுரையில் அச்சாகி, பரீட்சை எல்லாம் முடிந்து பிள்ளைகள் ஊருக்குப் போன பிறகு சாவகாசமாக வந்து சேரும். அலமாரியில் கிடந்து தூசி தின்னும். அந்த வருஷம் பெரிய டீச்சருக்கு ரோஷம் வந்துவிட்டது. தேனியிலேயே அடிப்போம், ஆண்டு விழா அன்றைக்கே கையில் கொடுப்போம் என்றார். பெரிய டீச்சர் என்று நாம் சொன்னது தலைமையாசிரியையை. திருநெல்வேலிப் பக்கத்து வேதக்கார, கிறிஸ்தவக் குடும்பம். காதில் கழுத்தில் ஒன்றும் இருக்காது. நெற்றியும் வெறுமையாக இருக்கும். சிரிப்பும் அளந்துதான் வரும்.

தேனியில் அவர் தேர்ந்தெடுத்தது என் தாய்மாமாவின் அச்சாபீஸை. சந்தைக்குப் பின்னால் ரயில் பெட்டி மாதிரி நீளமான ஓர் அறை. ஏலக்காய் மண்டிகளுக்குப் பில் புத்தகம், சினிமா நோட்டீஸ், காதுகுத்து, கல்யாணப் பத்திரிகை, கருமாதிக் கார்டு. மாமா அடித்ததெல்லாம் இவ்வளவுதான். புத்தகம் என்று ஒன்று அவர் கையிலிருந்து வெளிவந்ததில்லை. வேலை கிடைத்த அன்று சலவை வேட்டி கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். என் அம்மாவிடம், "அக்கா, இனிமே நம்மளையும் புத்தகம் அடிக்கிறவுகன்னு சொல்லுவாக" என்றார். பில் புத்தகமும் புத்தகம்தானே என்று நான் கேட்டதற்கு என் தலையில் ஒரு குட்டு விழுந்தது.

பக்கங்களுக்குக் கோடு போட்டுக் கொடுக்க இரண்டு பேரைப் பெரிய டீச்சர் பொறுக்கினார். நான் ஒருத்தி, அச்சாபீஸ்காரர் மருமகள் என்பதால். இன்னொருத்தி பொட்டிப்புரத்துக்காரி. அவளுக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது, ஆனால் ஹாஸ்டலில் யாரும் அதைச் சொன்னதில்லை. கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு அவளுக்கு. அவள் எழுதியது அவர்கள் ஊர் மலையின் நிழலைப் பற்றி. சாயங்காலம் மலை நிழல் இறங்கி வந்து கிணற்றைத் தொட்டால் அவளுடைய அய்யா, அதாவது அப்பா, மாட்டை அவிழ்த்துவிடுவாராம். வீட்டில் கடிகாரம் கிடையாது, மலைதான் கடிகாரம் என்று எழுதியிருந்தாள். பரிசுக் கட்டுரைக்கு ஏழாம் பக்கம், மேலே அவளுடைய போட்டோ, கீழே பெயர், ஊர் என்று ஏற்பாடு.

அந்தப் பக்கத்தை நம்பித்தான் அவளுடைய படிப்பே தொங்கிக்கொண்டிருந்தது. அவளுடைய அய்யா சந்தை நாளில் தேனிக்கு வந்தால் ஹாஸ்டல் வாசலில் ஒரு பை நிலக்கடலையோடு நிற்பார். பேச்சு குறைவு. எழுதப் படிக்கத் தெரியாது. பெண்ணைப் பத்தாம் வகுப்புக்கு அனுப்புங்கள் என்று பெரிய டீச்சர் கேட்டபோது அவர் தரையைப் பார்த்தபடி சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "அவ அத்த வீட்டுல பொண்ணு கேட்டுக்கிட்டு இருக்காக டீச்சர். இவ என்னமோ புத்தகத்துல வருதுங்கிறா. வரட்டும். கண்ணால பாத்துட்டுச் சொல்றேன்." இவ்வளவுதான் பேச்சு. அவர் போன பிறகு பெரிய டீச்சர் பெருமூச்சு விட்டு, "ஒரு நாளும் அனுப்ப மாட்டார்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆளைப் பார்த்தாலே தெரியும் என்று நமக்கெல்லாம் அப்போது ஒரு மிதப்பு இருந்தது.

பெரிய டீச்சர் பழுப்புத் தாள்களை வெட்டி, மடித்து, நடுவில் நூல் போட்டு வெறும் புத்தகம் ஒன்று செய்து கொடுத்தார். டம்மி என்று அதற்குப் பெயர். நாங்கள் இருவரும் பென்சிலும் அடிக்கோலும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கத்திலும் நாலு புறமும் கோடு போட்டோம். கோட்டுக்கு உள்ளே எழுத்து, வெளியே ஒன்றும் இல்லை. மேலே விட்டதைவிடக் கீழே கொஞ்சம் கூட விட வேண்டும், இல்லையென்றால் எழுத்தெல்லாம் சறுக்கிக் கீழே விழப்போவது போலத் தெரியும் என்றார் பெரிய டீச்சர். உள்பக்கம் தையல் தின்கிற இடம். வெளிப்பக்கம் பெருவிரலுக்கு. "படிக்கிறவங்க விரல் ஒரு எழுத்து மேலகூட உட்காரக் கூடாது" என்று தன் விரலை வைத்துக் காட்டினார். அதுவரை எத்தனையோ புத்தகத்தைப் பிடித்துப் படித்திருக்கிறேன். என் விரலுக்கென்று யாரோ இடம் ஒதுக்கி வைத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அன்று முழுவதும் கிடைத்த புத்தகத்தையெல்லாம் திறந்து திறந்து விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமாவுக்கு இந்த ஓரம் விடுகிற சமாச்சாரமே பிடிக்கவில்லை. "நோட்டீசுல இம்புட்டு வெள்ளைய விட்டா அடிக்கக் குடுத்தவக நம்மள உசுரோட விட மாட்டாக. எழுத்து எங்கய்யான்னு கேப்பாக" என்று முணுமுணுத்துக்கொண்டே டம்மியை வாங்கிக்கொண்டார். ஆனால் வேலையில் இறங்கியபின் அவர் வேறு ஆள். ஸ்கூல் விட்டதும் நாங்கள் இருவரும் அச்சாபீஸுக்கு ஓடிவிடுவோம். மண்ணெண்ணெய் வாசமும் மை வாசமும் சேர்ந்து மூக்கில் ஏறும். மூன்றாவது வாசம் ஏலக்காய், பக்கத்து மண்டியிலிருந்து வருவது.

ஒரு பக்கத்தை ஈயத்தில் முதல் முதலாகப் பார்த்ததை என்னவென்று சொல்வது. எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பி நின்றது. அது ஆச்சரியம்தான், ஆனால் என்னை வாய் பிளக்க வைத்தது அதுவல்ல. நாங்கள் பென்சில் கோட்டுக்கு வெளியே ஒன்றும் இல்லை என்று விட்டிருந்தோமே, அந்த இடத்தில் மரக்கட்டைகள் இருந்தன. இரண்டு வரிக்கு நடுவில் தெரிகிற வெள்ளைக்கு மெல்லிய ஈயத் தகடு. இரண்டு சொல்லுக்கு நடுவில் இருக்கிற இடைவெளிக்கும் குட்டையான ஓர் ஈயத் துண்டு. அத்தனையையும் மாமா கையால் எடுத்து வைத்து, இரும்புச் சட்டத்துக்குள் இறுக்கி முடுக்கினார். ஒரு துண்டு குறைந்தாலும் பக்கமே ஆடும், தூக்கினால் எழுத்து கொட்டிப்போகும். வெறும் இடம் என்று நினைத்ததெல்லாம் வெறும் இடம் இல்லை என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. பொட்டிப்புரத்துக்காரி என் காதருகில், "ஏ புள்ள, நம்ம போட்ட கோட்டையெல்லாம் கட்டையில கட்டிட்டாகடி" என்றாள்.

தாளை மடிப்பது இன்னொரு அதிசயம். நாலு பக்கம் ஒரே தாளில், அதில் இரண்டு தலைகீழாக, ஒன்றுக்குப் பக்கத்தில் எட்டு என்று கன்னாபின்னாவென்று கிடக்கும். மாமாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே நினைத்தேன். பின்பக்கமும் அடித்து, இப்படி ஒரு மடிப்பு, அப்படி ஒரு மடிப்பு, ஓரத்தில் கத்தியால் ஒரு கீறல். ஒன்று, இரண்டு, மூன்று என்று பக்கங்கள் வரிசையில் வந்து நின்றன. நாங்கள் கைதட்டிவிட்டோம். மாமா ஒன்றும் பெரிதாக நடக்காதது போல மீசையைத் தடவிக்கொண்டார்.

புரூப் திருத்தியது ஒரு கூத்து. குமுளிக்கு மேலே இருக்கிற வியாபாரிகளுக்காக மாமா கொஞ்சம் மலையாள எழுத்தும் வைத்திருந்தார். அதிலிருந்து ஒன்றிரண்டு தப்பி வந்து நம் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தன. பெரிய டீச்சர் சிவப்பு மையால் அவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கினார். ஏழாம் பக்கத்தில் கட்டுரை சில வரி அதிகமாகிவிட்டது. "கீழ் ஓரத்துல ரெண்டு வரி எறக்கிருவம் டீச்சர், யாரு பாக்கப் போறாக" என்றார் மாமா. பெரிய டீச்சர் அசையவில்லை. கடைசியில் பொட்டிப்புரத்துக்காரியே பென்சிலை வாங்கித் தன்னைப் பற்றி எழுதிய வரிகளை அடித்துவிட்டாள். அய்யாவைப் பற்றிய வரி ஒன்றைக்கூடத் தொடவில்லை.

வினை அதற்குப் பிறகு வந்தது. மாசி மாசம், முகூர்த்தம் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தது. பரிசுக் கட்டுரைப் பக்கம் மட்டும் தனியாகத் தெரிய வேண்டும் என்று மாமாவுக்கு ஆசை. சுற்றிலும் பூ பார்டர் போடலாம் என்று தேடினார். அச்சாபீஸில் இருந்த பூ பார்டர் முழுவதும் கல்யாணப் பத்திரிகைகளில் மாட்டிக்கொண்டிருந்தது. மிச்சம் இருந்தது ஒரு கனமான கோடு. அதை எடுத்து போட்டோவையும் கட்டுரையையும் சேர்த்து நாலு புறமும் கட்டிவிட்டார். ஈயத்தில் அது வெள்ளி மாதிரி பளபளவென்று இருந்ததாம். எங்களிடம் சொல்லவில்லை, பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று இருந்துவிட்டார்.

சந்தை நாளன்று காலையில் தாள்களை மடிக்க நாங்கள் போனோம். பெரிய டீச்சரும் வந்திருந்தார். அய்யாவைச் சந்தை முடிந்ததும் நேராக அச்சாபீஸுக்கு வரச் சொல்லியிருந்தாள் அவள். மாமா முதல் பிரதியை மடித்து, ஏழாம் பக்கத்தைத் திறந்து, ஒரு தட்டில் பலகாரம் வைப்பது போல எங்கள் முன்னால் வைத்தார்.

கறுப்புக் கட்டத்துக்குள் அவள் இருந்தாள். கீழே பெயர், ஊர்.

"மாமா, கருமாதிக் கார்டு மாதிரி இருக்கு" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மாமா திரும்பிப் பார்த்தார். அவருடைய கண் அதுவரை கோடு நேராக இருக்கிறதா, நாலு மூலையும் இடைவெளி இல்லாமல் சேர்ந்திருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்திருந்தது. இப்போதுதான் பக்கத்தைப் பார்த்தது. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அய்யய்யோ, உசுரோட இருக்குற பிள்ளைக்கு இல்ல போட்டுட்டேன்" என்றார். புத்தகம் அடிக்கிறவர் என்று பெயர் வாங்கப் போனவர், முதல் புத்தகத்திலேயே ஒரு பெண்ணைச் சாகடித்துவிட்டார் என்று ஊர் சொல்லும். அதைவிட, பெண்ணைப் பெற்றவர் இன்னும் கொஞ்ச நேரத்தில் வாசலில் வந்து நிற்பார்.

பெரிய டீச்சர்தான் முதலில் சுதாரித்தார். "அந்த ஒரு தாளை மட்டும் வெட்டி எடுத்துடலாம். கட்டுரையைக் கையால எழுதி நோட்டீஸ் போர்டுல போடுவோம்" என்றார். டீச்சர் கத்தரிக்கோலை எடுத்துத் தாளைத் திருப்பினார். பின்பக்கம், எட்டாம் பக்கத்தில், பள்ளித் தாளாளர் வாழ்த்துரையோடு சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய போட்டோவுக்கான அச்சுக்கட்டை மதுரையிலிருந்து தாமதமாக வந்ததால் முன்னால் இடம் போய், கிடைத்த பக்கத்தில் குடியேறியிருந்தார். அவளை வெட்டினால் தாளாளரையும் வெட்ட வேண்டும். டீச்சர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "அவருக்கு மட்டும் கோடு போடலையா?" என்று மெதுவாகக் கேட்டார். "நேரமில்ல டீச்சர், இல்லாட்டி போட்டிருப்பேன்" என்றார் மாமா. வேறு நாளாக இருந்தால் நான் விழுந்து புரண்டு சிரித்திருப்பேன். திரும்ப அடிக்கத் தாளும் கிடையாது. வெள்ளைத் தாளுக்கு அப்போது இருந்த தட்டுப்பாடு உங்களுக்கே தெரியும்.

அய்யா வந்தபோது நாங்கள் எல்லோரும் அப்படியேதான் நின்றிருந்தோம். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார். மறைக்கலாமா என்று மாமா தாளைத் தேடுவதற்குள் அவளே ஏழாம் பக்கத்தைத் தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டாள். "அய்யா, இதுதான்" என்றாள். அவளுக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்ததோ.

அவர் போட்டோவைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து, மேலிருந்து கீழே ஓட்டிக்கொண்டு வந்தார். "இந்தக் கோடு?" என்றார்.

"பூ பார்டரெல்லாம் கல்யாணப் பத்திரிகையில மாட்டிக்கிருச்சுங்க. பிள்ளை பக்கம் எடுப்பா இருக்கட்டும்னுதான் போட்டேன். வேணும்னு செய்யலைங்க" என்றார் மாமா.

அய்யா தாளை மகள் கையில் திருப்பிக் கொடுத்தார். அப்படியே வெளியே போய்விட்டார். செருப்பைக்கூடப் போடவில்லை. பெரிய டீச்சர் கண்ணை மூடி நின்றார். ஜெபம் செய்தார் என்றுதான் நினைக்கிறேன். அவள் தரையில் உட்கார்ந்து மற்றத் தாள்களை மடிக்க ஆரம்பித்தாள். ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. அழவில்லை. எனக்குத்தான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவர் திரும்பி வந்தார். கையில் பலசரக்குக் கடைப் பொட்டலம். என்னைப் பார்த்து, "ஆத்தா, ஒரு கிளாஸ்ல தண்ணி மோந்துட்டு வா" என்றார். கொண்டுவந்து கொடுத்தேன். தரையில் குத்தவைத்து உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார். மஞ்சள் தூள். உள்ளங்கையில் கொட்டித் தண்ணீர் விட்டுக் குழைத்தார். அவளிடமிருந்து ஏழாம் பக்கத்தை வாங்கித் தரையில் விரித்தார். கறுப்புக் கோட்டுக்கு வெளியே, வெள்ளையாக விட்ட ஓரத்தில், ஒரு மூலையில் மஞ்சள் வைத்தார். பிறகு அடுத்த மூலை. அவசரமே இல்லை. நாலு மூலைக்கும் வைத்துவிட்டு, தாளைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டி, மாமாவைக் கேட்டார்.

"இப்பச் சொல்லுங்க. இது என்ன காயிதம்?"

மாமா தாளை எட்டிப் பார்த்தார். "நல்ல காரியத்துக் காயிதம்ங்க" என்றார்.

"அப்ப மத்ததுக்கும் வைக்கணும்ல" என்றார் அய்யா.

எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. இப்போது உங்களிடம் சொல்லும்போதும் சிலிர்க்கிறது. இவர் கத்துவார், அபசகுனம் என்று பெண்ணைக் கையோடு கூட்டிப் போய்விடுவார் என்று நாங்கள் எல்லோரும் எங்களுக்குள் தீர்ப்பு எழுதி முடித்திருந்தோம். ஊருக்குள் நல்ல காரியத்தையும் கெட்ட காரியத்தையும் பிரித்துக் காட்டுகிற இரண்டு அடையாளங்களில் ஒன்றை நாங்கள் தெரியாமல் போட்டுவிட்டோம். அவர் போய் இன்னொன்றை வாங்கி வந்துவிட்டார். அத்தனை பெரிய மனசை அத்தனை பக்கத்தில் இருந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அப்புறம் நடந்ததுதான் யாரும் நம்பாதது. பெரிய டீச்சர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசை மேல் வைத்தார். புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு தரையில் எங்களோடு உட்கார்ந்தார். பூ வைக்காத, பொட்டு வைக்காத அந்த டீச்சர் அய்யாவிடம், "எந்த விரலால வைக்கணும்?" என்று கேட்டார். அவர் மோதிர விரலைக் காட்டினார். வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொரு தாளாக மஞ்சள் வைத்தோம். தாளைத் திருப்பும்போது தாளாளர் முகத்தில் கொஞ்சம் பட்டுவிட்டது, அதை யாரும் பொருட்படுத்தவில்லை. மாமா கயிறு கட்டி ஈரத் தாள்களைக் காயப்போட்டார். மண்ணெண்ணெய் வாசத்தை அமுக்கிவிட்டு அறை முழுக்க மஞ்சள் மணத்தது.

நடுவில் அய்யா மகளிடம், "என்னதான் எழுதியிருக்க, வாசி" என்றார். அவள் மஞ்சள் வைத்துக்கொண்டே வாசித்தாள். நிழல் மலையை விட்டு இறங்கி, கடலைக் காட்டைத் தாண்டி, கிணற்றுக்கு வந்தது. அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. மாட்டை அவிழ்த்துவிடுகிற இடம் வந்தபோது மட்டும் அவர் விரல் தாளின் மேல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

எல்லாம் முடிந்ததும் எழுந்து கையைக் கழுவினார். துண்டில் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார். போய்விடுவார் என்று நினைத்தோம். திரும்பி நின்று பெரிய டீச்சரைப் பார்த்தார்.

"டீச்சர், அடுத்த வருசத்துக்கு இப்பவே இவுககிட்டச் சொல்லி வச்சிருங்க. எம் மக பக்கத்துக்குப் பூ பார்டர எடுத்து வைக்கட்டும்."

பொட்டிப்புரத்துக்காரி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். கையெல்லாம் ஈர மஞ்சள் என்பது அவளுக்கு மறந்துவிட்டது.